அழாத பிள்ளை

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ கைக்குழந்தைக்கு வசம்பு சுட்டார்கள். அந்த வாசனையில் மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமும், தொழிலாளர் லயத்து வரிசையில் நம்முடைய அடுத்தடுத்த வீடுகளும் நினைவுக்கு வந்துவிட்டன. எழுபதுகளின் நடுவில், ஓரகத்திகள் நாம் இருவரும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றிருந்தோம்.

உன் மகன் பசித்தால் ஊரைக் கூட்டிவிடுவான். என் செல்வியோ பாலுக்குக்கூட அழமாட்டாள். வயிறும் சரியாகப் போகாது. அதற்கு வசம்பு உரசிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, தங்கமான பிள்ளை என்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. உன்னைச் சீண்டவும் அது வசதியாக இருந்தது.

எனக்குக் காய்ச்சல் கண்டபோது அவளுக்கும் நீதான் பால் கொடுத்தாய். பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "ஏட்டி, இவ வாய வச்சதும் தூங்கிருதா. கையுங்காலும் சில்லுனு கிடக்கு. என்னமோ இருக்குட்டி."

பொறாமை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். இன்னொருத்தி என்றால் அதோடு என் வாசலை மிதித்திருக்க மாட்டாள். நீ மறுநாள் உன் மகனை என் மடியில் போட்டுவிட்டு, என் மகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டாய். அவன் கத்திய கத்தலில் நானும் அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தேன்.

டாக்டர் அவளுடைய தடித்த நாக்கையும் துருத்திய தொப்புளையும் பார்த்துவிட்டுக் கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லையாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் வளர்த்தியும் அறிவும் நின்றுபோயிருக்குமாம். தினமும் மாத்திரை, ஆயுசுக்கும். உன் தோளில் சாய்ந்து அழுதேன். "காலாகாலத்துல வந்துட்டோம்லா" என்றாய்.

மாத்திரையைப் பொடித்துப் பாலில் குழைத்து நீதான் ஊட்டுவாய்; நான் அவளை மடியில் பிடித்துக்கொள்வேன். சில வாரங்களில் செல்வி பசிக்கு அழுதாள். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து கத்த, இனி நம் தூக்கம் போச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

கணக்கில் அவள் கொஞ்சம் மெதுவுதான். பேச்சில் யாரும் ஜெயிக்க முடியாது. இப்போது அவளுக்கே வளர்ந்த பிள்ளைகள். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை.

போன தை மாதம் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் மகன்கூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். செல்விதான் பெரியம்மா, பெரியம்மா என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கதறினாள். பெரியவர்கள் அடக்கப் பார்த்தார்கள்.

"விடுங்க, அவ அழட்டும்" என்றேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது, அக்கா.