அத்தான் குளித்துக்கொண்டிருக்கிறார்

அன்பு அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். அங்கே எல்லோரும் நலம் என்று நீ எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போன் அம்மாவுடையது. பேசி முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதுவும் போக, போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காக ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். எழுதச் சொன்னால் மட்டும் எழுதிவிடுவேன்.

முதலில் வீட்டுச் செய்தி. வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறாராம். அம்மா சமைக்கும் விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் கொடுக்கிறார்கள். ஒரே கட்டில்தான். அதனால் நான் உன் ஊருக்கு வருவதா, அண்ணன் ஊருக்குப் போவதா என்று நானே முடிவு செய்ய வேண்டுமாம். "உனக்கு எந்த ஊர் பிடிக்குதோ அங்க போடி, நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்கிறாள். செருப்பு வாங்கும்போதுகூட என்ன நிறம் என்று என்னைக் கேட்காதவள், இப்போது ஊரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறாள்.

அண்ணன் கடிதமும் உன் கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. நாலு வரிக்கு மேல் எழுதாத அண்ணன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருப்பான் என்பது என் சந்தேகம். அவன் ஊரில் எப்போதும் குளிராம். எட்டு மணிக்கே தெரு அடங்கிவிடுமாம். யாரும் யாரையும் நிறுத்தி ஊர்க்கதை கேட்கமாட்டார்களாம். "உனக்குன்னே கட்டி வச்ச ஊரு" என்று எழுதியிருக்கிறான். ஆனால் கடைசியில், அவனும் அண்ணியும் ஷிப்டுக்குப் போய்விட்டால் சாயங்காலம் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, நீ வந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் பயமில்லை.

உன் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

கடற்கரை, பூங்கா, தெருமுனையில் நூலகம், சாயங்காலக் காற்று, தங்கமான பக்கத்து வீட்டுக்காரர்கள். மூன்று பக்கமும் இதேதான். வேலை இடத்தில் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பட்டன் தைக்கிற அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், உங்க அக்கா அந்த ஊருக்கு விளம்பரம் எழுதுற வேலையில சேர்ந்துட்டாளா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். மேஜை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். தைத்து வரும் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் விட்ட இடத்தையும் நூல் பிசிறையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. இரண்டு வருடமாக இதையே செய்து என் புத்தியும் அப்படியே ஆகிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவிலிருந்து உன் பழைய கடிதங்களை எடுத்துத் தரையில் பரப்பினேன்.

போன வருடம் நீ எழுதியது: ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது, பக்கத்து வீட்டுக்காரி என் வாளியைத் தூக்கி எறிந்தாள், பஸ்ஸில் நின்று நின்று கால் வீங்குகிறது, இந்த வெயிலுக்கு மனிதர்கள் வாழ்வார்களா. வாளியை எறிந்தவள் எப்போது தங்கமானாள், அக்கா?

முதலில் நான் தப்பாகத்தான் நினைத்தேன். போன மாதம் பாப்பாவின் முதல் பல்லைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் எழுதியவள், இந்தக் கடிதத்தில் பாப்பா என்ற பேச்சையே எடுக்கவில்லை. சரிதான், பிள்ளை பார்க்க ஆள் வேண்டும், அண்ணனைப் போலச் சொல்லாமல் மறைக்கிறாள், என்னை ஏமாளி என்று நினைத்துவிட்டாள் என்று ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்திலேயே கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். அப்போதுதான் அந்த அறை கண்ணில் பட்டது.

ஜன்னல் வைத்த சின்ன அறையை எனக்கு ஒழித்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அது அத்தான் ரேடியோவும் மின்விசிறியும் பழுது பார்க்கிற அறை. அதற்குள் விளக்குமாற்றைக்கூட விடமாட்டார், ஒரு திருகாணி காணாமல் போனால் வீடு இரண்டுபடும் என்று எழுதியவள் நீதான். அவர் பழுது பார்க்கிற மேஜை இப்போது எங்கே?

பிறகு சட்டை. இங்கே குறை என்று கழித்துப் போடுகிற சட்டைகளில் நல்லதாகப் பார்த்து, பிசிறு நீக்கி, அத்தானுக்கு இரண்டு அனுப்பியிருந்தேன். இனிமேல் சட்டை அனுப்பாதே, நிறைய இருக்கிறது என்கிறாய். ஒன்றைத் துவைத்துப் போட்டு ஒன்றை மாட்டுகிற மனிதர் என்று அத்தானைக் கேலி செய்வாயே, அவருக்கு எங்கிருந்து நிறையச் சட்டை வந்தது?

எல்லாவற்றுக்கும் மேல் ஞாயிற்றுக்கிழமை. அம்மா உனக்குப் போன் போட்டால் அத்தான்தான் முதலில் பிடுங்குவார். "எங்க அந்த ஊமைக்குயிலு? இன்னைக்காவது ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க அத்தை" என்பார். நான் பேசாமல் சிரிப்பேன், சிரிப்புச் சத்தம் கேட்டுவிட்டது என்று அவரும் சிரிப்பார். இப்போது நாலு ஞாயிறாக அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். நாலு தரமும் நீ அதையேதான் சொன்னாய். அம்மா நம்பிவிட்டாள். "சுத்தமான மனுஷன்" என்றுகூடச் சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில், போன் வரும் நேரம் பார்த்துக் குளிக்கிறாரா அக்கா?

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எங்கே போனார், ஏன் போனார், திரும்பி வருவாரா என்று நானும் கேட்கமாட்டேன். கேட்கத் தெரியாதவள் என்றுதானே எனக்குப் பேரே. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிலை வேண்டாமென்று எறிந்துவிட்டு அன்றைக்கே உன்னிடம் ஓடி வருவாள், வேலையும் போகும். அதற்காகத்தான் நீ மறைக்கிறாய் என்பதும் எனக்குப் புரிகிறது.

பட்டன் அக்கா ஒரு யோசனை சொன்னாள். துணி வெட்ட அளவுக்கு வைக்கிற அட்டை ஒன்றின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் உன் ஊர், ஒரு பக்கம் அண்ணன் ஊர் என்று எழுதிப் பார்த்தோம். குளிர், அமைதி, தண்ணீர், காலியான பஸ், பேச்சுக் கொடுக்காத மனிதர்கள் எல்லாம் அண்ணன் பக்கம் போய்விட்டன. உன் பக்கத்தில் கடல் மட்டும்தான் மிஞ்சியது. "அப்புறம் என்ன யோசனை, ஸ்வெட்டர் வாங்கு" என்றாள்.

நேற்று அண்ணனுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். எனக்குக் கடல் என்றால் உயிர், அதனால் அக்கா ஊருக்குப் போகிறேன் என்று. அவன் சிரிப்பான். தலையில் தண்ணீர் ஊற்றினாலே அலறுகிறவள் நான். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் துணிகளோடு தன்னுடைய நல்ல போர்வையையும் மடித்து வைத்தாள். அவளுக்கும் ஏதாவது தெரிந்திருக்குமோ என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

அந்த ஜன்னல் அறை எனக்கு வேண்டாம். அத்தானின் மேஜையை மறுபடியும் அங்கேயே போட்டுவை. நான் உன்னோடும் பாப்பாவோடும் படுத்துக்கொள்கிறேன். இந்த மாதம் முப்பதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். உங்கள் ஊரிலும் தையல் கூடங்கள் இருக்கும், உள்பக்கம் பார்க்க ஆள் வேண்டியிருக்கும். வேலை கேட்டு யாரிடம் பேச வேண்டுமென்றாலும் நீதான் பேச வேண்டும், நான் பின்னால் நிற்பேன்.

கிளம்புவதற்குள் எனக்கு ஒரே ஒரு கடிதம் போடு. அதில் பூங்காவும் நூலகமும் காற்றும் வேண்டாம். வா என்று மட்டும் எழுது. மறுபடியும் பூங்காவைப் பற்றி எழுதினாலும் வருவேன், ஆனால் வந்து ஒரு வாரம் உன்னோடு பேசமாட்டேன். என்னால் முடியும் என்று உனக்குத் தெரியும்.

பாப்பாவுக்கு இரண்டாவது பல்லும் வந்திருக்கும். வலியில்லாமல் வரட்டும், சிரித்துக்கொண்டே வளரட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடு. தண்ணீர் வருகிற நாளில் தனியாக வாளி தூக்காதே, முப்பதாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கொள்.

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது அங்கே ஆளில்லை என்பதால், நானே எழுதிவிடுகிறேன்.

உன்,
ஊமைக்குயில்