ஜெபராஜ் அண்ணனின் லைன்

ஜூலை, வெள்ளிக்கிழமை

மத்தியானம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜெபராஜ் அண்ணனை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்துகிறார்களாம். "பஹலே உஸ்கா லைன் பந்த் கர்" என்றார். அவரிடம் சொல்வதற்கு முன்பே லைனை மூட வேண்டுமாம்.

அண்ணன் எனக்கு இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். தாராவியில் எங்களுக்கு எதிர்வீடு. இந்தச் செம்பூர் ஆபீசுக்கு என்னைக் கூட்டிவந்ததே அவர்தான்.

ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்ப்பது என் வேலை. கருப்புத் திரையில், எல்லா மேசைக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்சுக்குள் நுழைந்து, அவர் மேசைக்குப் போகும் போர்ட்டின் எண்ணைக் கொடுத்து, 'ஷட்டவுன்' என்று அடித்தேன். எண்டரைத் தட்டக் கை வரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டினேன்.

அண்ணன் உடனே திரும்பினார். "ஏலே, நெட் போயிட்டு. என்னன்னு பாருலே."

"பாக்கேண்ணே."

நான் எழுந்திருக்கவில்லை. அவரே மேசைக்கடியில் குனிந்து கேபிளைப் பிடுங்கி மாட்டினார். மறுபடியும் மாட்டினார். அப்படிக் குனிந்திருந்தபோதுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தவர் பையை எடுத்துக்கொண்டு என் அருகில் நின்றார்.

"நீதான் மூடுனியாலே?"

தலையசைத்தேன்.

"வேற யாரு லைனும் போவலல்லா?"

"இல்லண்ணே."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ராத்திரி அவர் மனைவி எங்கள் வாசலுக்கு வந்து கேட்டார். "அவுகள இன்னுங் காணலியே தம்பி. போனும் எடுக்கல. ஓவர்டைமா?"

"தெரியலக்கா" என்றேன்.

இப்போது எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. அண்ணன் வந்துவிட்டார். அக்கா ஏதோ கேட்கிறார். நோட்டை மூடி விளக்கை அணைக்கப்போகிறேன்.