பதினோராவது பெயர்

8 ஜூலை 2025, விருதுநகர்

ரயில்வே ஓய்வூதியர் சங்கத்தில் பழைய படங்களைக் காட்சிக்கு வைக்கிறார்களாம். 1984இல் சாத்தூர் லைனில் தண்டவாள வேலை பார்த்த எங்கள் கேங் படத்தைக் கொடுத்தேன். பதினொரு பேரின் பெயரும் எழுதித் தரச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவேன்.

9 ஜூலை

பத்துப் பெயர் வந்துவிட்டது. எல்லாம் கருவாயன் பாட்டில் இருந்தவை. தண்டவாளத்தை நகர்த்தும்போது அவர்தான் பாட்டெடுப்பார். "மாரிசாமி தள்ளு, ஐலசா! மொக்கைச்சாமி தள்ளு, ஐலசா! ஜெபசுந்தரு சோம்பேறி, ஐலசா!" சிரித்துக்கொண்டே கடப்பாரையை நெம்புவோம். என்ன குரல்! அந்த வெயிலும் சரளைக்கல்லும்கூட இப்போது வேண்டும்போல் இருக்கிறது.

பதினோராவது ஆள் கருவாயனேதான். தன் பெயரை அவர் பாட்டில் சேர்த்ததே இல்லை. அவர் பெயர் என்ன?

11 ஜூலை

மகள் பிரீத்திகா கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். கருவாயன் பெயர் தெரியாததைப் போனில் சொன்னேன். அவள் சொன்னாள்: "அமெரிக்காவுல ரயில்ல வேலை பார்த்த கறுப்பின ஆட்களை ஜார்ஜ்னுதான் கூப்பிடுவாகளாம்பா. அது கம்பெனி முதலாளி பேரு."

"என்ன அநியாயம்!" என்றேன்.

"நீங்க மட்டும் என்னவாம்?"

போனை வைத்துவிட்டேன். எனக்கே பாடம் எடுக்கிறாள்!

12 ஜூலை

அவள் கேட்டது சரிதான். அவர் காலனி ஆள். கருவாயன் என்பது மேஸ்திரி வைத்த பெயர். ஆஜர் எடுக்கும்போது நம்பரைத்தான் வாசிப்பார். குடிக்கத் தண்ணீர்கூட அவருக்குக் கையில்தான் ஊற்றினோம். நானும்தான். என்னைவிட மூத்தவரை, "ஏலே கருவாயா" என்று பதினெட்டு வருஷம்... சீ, என்ன மனுஷன்டா நீ?

20 ஜூலை

அவர் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் போனேன். இருக்கிறார்! அவர் மகள் வேல்விழி நாற்காலி போட்டாள்.

"வாங்க ஜெபசுந்தரு. கால்வலி எப்பிடி இருக்கு?"

சிலீப்பர் கட்டை விழுந்த கால். அதைக்கூட மறக்கவில்லை. ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினேன், கேட்க வாய் வரவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். சிரித்தார்.

"பாண்டிச்செல்வம். எங்க ஆத்தா மட்டுந்தான் அப்பிடிக் கூப்பிடும். அது போயி அம்பது வருசமாச்சு."

21 ஜூலை

எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பெயராக.

15 ஆகஸ்ட்

சங்கத்தில் நல்ல கூட்டம். அவரும் வெள்ளை வேட்டியில் வந்து எங்கள் படத்துக்கு முன்னால் நின்றார். வாசலிலிருந்து, "பாண்டிச்செல்வம்ணே!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். யார் யாரோ திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பழைய பெயரைச் சொன்னால் உடனே திரும்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, நடந்துபோய் அவர் தோளைத் தொட்டேன்.