மூன்று பூச்சு பூசிய ஊக்கு

நாள் 41, காலை 08:10
உடுப்பு அறை. எழுதுவது ஜெபக்கனி. நிலவு நிலையத்தில் மூன்று பேர்: தலைவர் ரகோத்தமன், ஆக்சிஜன் அறையைக் கவனிக்கும் என் தம்பி ஞானதுரை, நான். துவைத்தது ஆறு செட். காற்றில் ஈரப்பதம் 38 சதவீதம். பாலியெஸ்டர் உடம்பில் ஒட்டவில்லை, பொறி பறக்கவில்லை. வழக்கம்போல ஒவ்வொரு சட்டையின் உள்மடிப்பிலும் ஓர் ஊக்கு. ஊரில் வளையலில் கோத்து வைப்போமே, அதேதான். துணியில் சேரும் மின்சாரம் அதன் வழியாகக் கசிந்துவிடும்.

நாள் 44, 09:30
தண்ணீர் மிச்சம் பிடிக்கிறாராம். காற்றை ஈரமாக்கும் ஈரப்பதக் கருவியைத் தலைவர் நிறுத்திவிட்டார். ஈரப்பதம் 9. நாளை பூமியிலிருந்து கேமராவில் ஆய்வு. உள்தொடர்பில் அவர்: "இது நிலவு நிலையமா, தையல் கடையா? ஊக்கு எல்லாத்தையும் கழட்டும்மா." ஆக்சிஜன் அறையில் ஒரு பொறி போதும் சார் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கழற்றினேன்.

நாள் 46, 10:05
துரை ஆக்சிஜன் அறைக்குள் கசிவு அடைக்கப் போனான். உள்தொடர்பில் அவன்: "அக்கா, சட்டை முதுகுல ஒட்டுது. கழட்டி உதறிட்டுப் போடுறேன்." உதறாதடா, உதறாதடா என்று கத்தினேன். அதற்குள் பொறி. எரிந்துபோனான்.

நாள் 47, 16:00
பூமிக்குத் தலைவர் அனுப்பிய அறிக்கை: "உடுப்பு அறை ஊழியர் ஊக்கு குத்த மறந்ததால் விபத்து." மறந்தேனாம்! பாவி, உன் நாக்கு அழுகிப்போகாதா? தம்பி கடைசியாகப் பேசிய பதிவைக்கூட அந்த ஆள் கேட்கவில்லை. அம்மாவுக்கு இந்நேரம் சேதி போயிருக்கும். துரையைக் கொன்றது நான்தான் என்று நினைத்தே அவள் அழுவாள்.

நாள் 60, 12:15
எரிந்த அறையைச் செப்பனிட்டு மறுபடி ஆக்சிஜன் நிரப்பியாச்சு. ஈரப்பதக் கருவியை மறுபடி போட்டால் நிறுத்தியது பதிவில் தெரியுமே, போடமாட்டார். கதவைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்குது அவருக்கு. நல்லா அடிக்கட்டும். இன்று உள்தொடர்பில்: "நாளைக்கு நானே உள்ள போகணும். என் சட்டைக்கு மட்டும் ஒரு ஊக்கு குத்திடும்மா."
மட்டுமாம்.
குத்தினேன். ஊக்கு மேல் நகப்பூச்சை மூன்று தடவை பூசி, காயவைத்துத்தான் குத்தினேன். பூச்சைத் தாண்டி மின்சாரம் கசியாது.

நாள் 61, 11:20
ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தேன். "கழட்டச் சொன்னது நீங்கதான்னு பூமிக்கு ஒரு வரி சொல்லுங்க சார்."
"அது முடிஞ்ச கதைம்மா. ஊக்கு இருக்குல்ல?"
"இருக்கு சார். நானே குத்தினது."

11:26
உள்ளே போயிட்டார். அந்த அறைக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான், போன தீயில் விரிசல் விட்டது; இன்னொரு தடவை தாங்காது. தெரியும். துரையோட மாத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதைக் கண்டெடுக்கிறவங்க யாரா இருந்தாலும், நான் மறக்கலைன்னு எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க.

11:27
"ஜெபக்கனி, சட்டை முதுகுல ஒட்டுதே. என்ன செய்ய?"
"கழட்டி உதறிட்டுப் போடுங்க சார்."