உருக்கக் கேட்ட மோதிரம்

மார்ச் 4

குட்டியின் அப்பாவுக்கு,

நலம்தானே? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மகளும் மாப்பிள்ளையும் கல்யாண மோதிரத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கல் வைத்தது, பூ வைத்தது, சாமி சின்னம் பதித்தது என்று எதைக் காட்டினாலும் இவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். "அம்மா, உன் மோதிரத்தையும் அப்பா மோதிரத்தையும் சேத்து உருக்கி, அதுல எங்க ரெண்டு பேருக்கும் செஞ்சுக்கிறோம். அதுக்குத்தான் ஒரு அர்த்தம் இருக்கு."

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. பிரிந்தவர்களின் மோதிரம்கூட ஒன்றுசேராது என்றால் தனக்குக் கல்யாணத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை என்கிறாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டாம். பத்திரிகை அடித்தாயிற்று. இவளோ தள்ளிப்போடலாமா என்று மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டாள்.

உங்கள் மோதிரத்தை அனுப்பிவையுங்கள். காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியின் அம்மா

மார்ச் 9

குட்டியின் அம்மாவுக்கு,

என் மோதிரம் என்று எதைக் கேட்கிறாய்? ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பது உனக்குக் கைவந்த கலை.

பேக்கரியில் மாவு பிசைய வேண்டும் என்று நான் கழற்றுவேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் கை வெந்நீரில் கிடக்கும் என்று நீ கழற்றுவாய். இரண்டும் கதவோர பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கும். நீ போன அன்று வந்து பார்த்தேன். டப்பாவில் உன் மோதிரம் இருந்தது, என்னுடையதைக் காணோம்.

என் மோதிரத்துக்குள் உன் பெயர், உன் மோதிரத்துக்குள் என் பெயர் என்று பொறிக்கச் சொன்னவள் நீதான். என் பெயரை என் மூஞ்சியில் எறிந்துவிட்டு, உன் பெயரைப் பிடுங்கிக்கொண்டு போனாய். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன்.

தர மாட்டேன். புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்.

அவள் அப்பா

மார்ச் 12

குட்டியின் அப்பாவுக்கு,

அன்று கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்ததை இன்றுதான் பீரோவிலிருந்து எடுத்து அவிழ்த்தேன். மோதிரம் என் கட்டைவிரலில்கூட நிற்காமல் ஆடுகிறது. உள்ளே என் பெயர்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே டப்பாவில் கையை விட்டேன், அகப்பட்டதை எடுத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே. திட்டியாவது கேட்டிருக்கலாமே.

நேற்று குட்டி மண்டபத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் நிறுத்தப் போனாள். போனைப் பிடுங்கி என் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். எத்தனை நாள் இப்படிப் பிடுங்கி வைக்க முடியும்? எனக்கு வேறு போக்கிடம் இல்லை. உங்களிடம் இருக்கும் என் மோதிரத்தை அனுப்புங்கள்.

குட்டியின் அம்மா

மார்ச் 16

என் அன்புள்ளவளே,

இந்தப் பொட்டலத்திலேயே உன் மோதிரம் இருக்கிறது. மகள் கல்யாணம் நிற்கக் கூடாது.

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. மாவில் உப்பை இரண்டு தடவை போட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கைத்தவறுதலால் நம் வாழ்க்கையே பாழாய்ப் போயிற்றே! இந்த மோதிரத்தை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே திரிந்தேன்.

உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதைப் போட்டுப் பார். போட்டால் உனக்கே தெரியும். நீ எதற்காகப் போனாயோ, அதெல்லாம் பழைய கதை. நடுவில் இருந்த தப்பு தீர்ந்துவிட்டது. வா என்று ஒரு வார்த்தை எழுது, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். இந்த வீட்டில் தனியாக இனி ஒரு நாள்கூட என்னால் முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்னவன்

மார்ச் 20

குட்டியின் அப்பாவுக்கு,

மோதிரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடி போட்டுப் பார்த்தேன். விரலில் சரியாகவே ஏறியது. அழுதேன். பிறகு கழற்றி, இரண்டையும் குட்டியிடம் கொடுத்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நேற்று நகைக்கடைக்காரர் எங்கள் கண்முன்னாலேயே உருக்கினார்.

நான் டப்பாவில் கையை விட்டது போகும்போது. போக முடிவு செய்தது அதற்கு முன்பே. நம் இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போய் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தலைமாட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று போனீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இரண்டு கடிதங்களிலும் மோதிரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். நான் ஏன் போனேன் என்று மட்டும் நீங்கள் கேட்கவே இல்லை. இனி கேட்டாலும் பதில் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

கல்யாணத்துக்கு அவசியம் வாருங்கள். குட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன், சேர்ந்தே உட்காருவோம். சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் என் வீட்டுக்குப் போகிறேன்.

குட்டியின் அம்மா