பொன்னேரிக்காரரின் காந்தச் சக்கரம்

ஞாயிறு, இரவு.

இன்று என்னைப் பெண் பார்க்கப் பொன்னேரியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை. தனியாகப் பேசச் சொன்னதும் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். அவரே செய்த சக்கரம். விளிம்பெல்லாம் காந்தம், பக்கத்தில் அசையாமல் நிறுத்திய இன்னொரு காந்தம். கரண்ட் இல்லாமல் சுற்றியது.

“காந்தம் இழுத்துக்கினே இருக்கும், நிக்கவே நிக்காது,” என்றார்.

மோட்டார் கம்பெனியில் வேலை செய்கிறவள் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

“கிட்ட வரப்போ இழுக்கிற காந்தம், தாண்டிப் போறப்போ சும்மா உடுமாங்க? அதே அளவு பின்னாடி இழுக்குமே. நீங்க தள்ளி உட்ட வேகத்துலதான் சுத்துது.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் போன பிறகு அம்மா அழுதாள்.

சாயங்காலம் அம்மாவின் போனில் அவரே கூப்பிட்டார்.

“நீங்க சொன்னா மாதிரியே நின்னுடுச்சிங்க. ஆனா எத்தினி தபா சுத்தி உட்டாலும் ஒரே எடத்துலதான் வந்து நிக்குது. அது ஏன்?”

“அத நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும்.”

“அப்ப வந்து பாருங்க.”

போனை வைத்ததும் அம்மா, “இன்னாடி சொன்னாரு?” என்றாள்.

“நின்னுடுச்சாம்மா.”

“கல்யாணமா?”

“சக்கரம். நம்மள ஊட்டுக்கு வரச் சொல்றாரு.”

அம்மா அப்பாவைத் தேடி ஓடினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.