செப்டம்பர் நகங்கள்

இரும்புலியூர்,
22.2.2026, ஞாயிறு

அன்புள்ள சின்மயிக்கு,

அம்மா எழுதுவது. வீட்டுக்கு, உறவுக்கு என்று கையால் கடிதம் எழுதிப் பதினைந்து வருடமாவது இருக்கும். ரெக்கார்ட் நோட்டில் குறிப்பு எழுதிப் பழகிய கை என்பதால் எல்லா வரியும் சின்னச் சின்னதாகவே வருகிறது. பொறுத்துக்கொள்.

இதைச் சுஜி கொண்டுவந்து தருவாள். எங்கள் பள்ளிக் கெமிஸ்ட்ரி டீச்சர் ஜான்சியின் அக்கா மகள். கிளாஸ்கோவில் வேலை கிடைத்துப் புதன்கிழமை கிளம்புகிறாள், உன் ஊர் எடின்பரோவில்தான் இறங்குகிறாள். பருப்புப் பொடியும் காய்ந்த நார்த்தங்காயும் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுப்பதற்கு உன் விலாசம் கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், ரயில்வே ஸ்டேஷனுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாய். சரி என்றேன். சுஜியிடம், பையைக் கொடுத்துவிட்டுப் போய்விடு, அவள் எப்படி இருக்கிறாள், இளைத்திருக்கிறாளா என்றெல்லாம் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜான்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எல்லா அம்மாவும் அதற்குத்தானே ஆள் அனுப்புவார்கள் என்றாள்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதைக் கேட்பதற்கு முன் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூன்று வாரம் ஆகிறது. ஸ்கூட்டரை முனையிலேயே நிறுத்திவிட்டுப் பலகை மேல் நடந்து வருகிறோம். எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் மாமா தினமும் காலையில் பள்ளத்தைப் படம் எடுத்துக் குடியிருப்போர் குரூப்பில் போடுகிறார். ஒரே பள்ளம், வேறு வேறு கோணம். பிளஸ் டூ பிராக்டிகல் முடிந்தது. வெளியிலிருந்து தேர்வாளராக வந்தவர் நல்ல மனிதர், பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை.

போன மாதம் பதினொன்றாம் வகுப்பை வண்டலூருக்குக் கூட்டிப்போனோம். பிள்ளைகள் குரங்குகளை விட்டு நகரவில்லை. எனக்கு அரை மணி நேரம் சும்மா இருந்தது. வெள்ளைப் புலி இருக்கும் இடத்தில் நின்று உன் முறைப்படி எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொரு பேர் வந்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் புலிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு பெண் தன் கணவரிடம், இன்னொன்று எடுங்க, புலி கண்ணை மூடிடுச்சு என்றாள். அவர் பொறுமையாக ஆறு எடுத்தார். படம் எடுத்தபிறகு திரும்பிப் புலியைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அன்று மாலை நீ போனை எடுக்கவில்லை.

நீ போன புதிதில் எவ்வளவு சொல்வாய். சுற்றுலாப் பயணிகள் போனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராயத்தான் ஒருத்தி ஏழு கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று அப்பா கேலி செய்தார். ஆனால் நீ சொல்லச் சொல்ல ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டவரும் அவர்தான். குன்றின் மேல் நோட்டுடன் நிற்பாய். வந்தவர்கள் முதலில் ஊரைப் பார்க்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா. எடுத்ததில் எதை அழிக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு படமும் நண்பர்களுக்கு வேறு படமும் அனுப்புகிறவர்கள் எத்தனை பேர். ஒரு பெண் சிரித்த முகத்துடன் நாற்பது படம் எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யாருடனும் பேசாமல் இருந்தாள் என்று சொன்னாய். கிளம்பும்போது அந்தப் படங்களில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் போனாளாம். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை நம்பாதே அம்மா, எப்போது எடுத்தது என்று பார், எப்போது போட்டது என்று பார், நடுவில் இருக்கும் நாட்கள்தான் என் பாடம் என்றாய்.

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அதை உன்மேலேயே வைத்துப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஜனவரியிலிருந்து வீடியோவில் வருவதில்லை, நெட் சரியில்லை என்கிறாய். ஆனால் ஸ்டேட்டஸ் வாரம் தவறாமல் வருகிறது. பாலம், காபி, பூங்கா, மறுபடி காபி. எங்கள் பள்ளி ஆயா கன்னியம்மா என் போனில் பார்த்துவிட்டு, “இன்னா டீச்சர், பொண்ணு பட்சிகினு கீதா, ஊர் சுத்திகினு கீதா?” என்றாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஒன்று போட்டாய். கப்பைப் பிடித்த கை, பின்னால் கல் பாலம். ‘திங்கட்கிழமை, நல்ல வெயில்’ என்று எழுதியிருந்தாய். நான் வெயிலைப் பார்க்கவில்லை. நகத்தைப் பார்த்தேன்.

செப்டம்பர் முதல் தேதி நீ கிளம்புவதற்கு முந்தின நாள் ஜான்சி வீட்டுச் செடியிலிருந்து பறித்து வந்து மருதாணி அரைத்தேன். விமானத்தில் எல்லாருக்கும் நாறும் என்று திட்டிக்கொண்டே கையை நீட்டினாய். தோலில் பிடித்தது இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் பிடித்தது போகாது. நகம் வளர வளர மேலே ஏறும், அவ்வளவுதான். மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். இருபத்திரண்டு வருடமாக நான் வகுப்பில் சொல்லித்தரும் கணக்கு. கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடியோவில் கடைத்தெரு விளக்கெல்லாம் காட்டினாயே, அப்போது உன் நக நுனியில் செங்கல் நிறத்தில் ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கையில், அடியில் பிறை போல இரண்டு மில்லிமீட்டர் தவிர நகம் முழுக்கச் சிவப்பு.

அது செப்டம்பர் மூன்றாம் வாரத்துக் கை.

பிறகு பழைய ஸ்டேட்டஸ்களைப் பார்த்தேன். பார்த்தவற்றை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. ஜனவரியிலிருந்து ஏழு. கை தெரிவது ஐந்து. ஐந்தும் செப்டம்பர், அக்டோபர். பிறகு உன் துறையின் பக்கத்தைத் தேடிப் போனேன். ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, ஆய்வுத் திட்டத்தைச் சமர்ப்பித்த மாணவர்கள் என்று ஒரு படம். பதினாலு பேர், கீழே பதினாலு பெயர். உன் பெயர் இல்லை. இரண்டு முறை படித்தேன். ஸஹானா என்று ஒரு பெண் இருந்தாள், நம் பக்கத்துப் பெண்ணாக இருக்கலாம். அவளுக்கு எழுதிக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஆக, நீ இப்போது கல்லூரிக்குப் போகிறாயா என்பது எனக்குத் தெரியாது. எங்கே இருக்கிறாய் என்பதும் தெரியாது. கேட்க வேண்டியது இதுதான்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உன்னைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடுவது என்று போன ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். அதற்கு முன் அப்பாவிடம் சொல்ல வேண்டுமே. ஐந்து படங்களையும் வரிசையாகக் காட்டி, நகத்தைப் பெரிதாக்கிக் காட்டி விளக்கினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பொங்கல் அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்றார். மறைமலை நகரில் நாள் முழுக்க உதிரிபாகங்களைச் சோதித்து, எந்த நாள் செய்தது என்று முத்திரை பார்க்கிறவர். அவருக்கு நான் விளக்கியிருக்கிறேன். ஒரு மாதமாக அவரும் என்னிடம் சொல்லவில்லை. ஏன் கேட்கவில்லை, அவளிடம் ஏன் கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

“நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நீ அவகிட்ட சொன்னியா? அவ மட்டும் எதுக்குச் சொல்லணும்?”

சின்மயி, இது உனக்குத் தெரியாதது. அல்லது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பது.

அக்டோபர் பதினான்காம் தேதி காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ போடும்போது அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஸ்ரீநிவாசராகவன் மாமா காரில் கூட்டிப்போனார். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். காய்ச்சல் வந்துவிட்டதால் ஒன்பது நாள் இருக்க வேண்டியதாயிற்று. நடுவில் தீபாவளி வந்தது. நீ அழைத்தபோதெல்லாம் அப்பா ஷிப்டில் இருக்கிறார், தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்றேன். தீபாவளியன்று நீ படம் கேட்டாய். முந்தின வருடத்துப் படம் ஒன்றை அனுப்பினேன். மத்தாப்பு பிடித்துக்கொண்டு, அரக்குச் சட்டையில் அப்பா சிரிக்கிற படம். ‘இன்று மாலை’ என்று எழுதி அனுப்பினேன். எழுதும்போது நான் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். உனக்குப் பரீட்சை இருந்தது, விமானம் ஏறி வந்துவிடுவாய் என்று பயம். இப்படி நிறையக் காரணம் சொல்லலாம்.

இந்த வருஷமும் அதே சட்டையா என்று கேட்டாய். அப்பாவுக்குப் பிடித்த சட்டை ஆச்சே என்றேன். நீ ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினாய். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி நீ எதுவும் துருவிக் கேட்டதில்லை. அப்போது நிம்மதியாக இருந்தது. குன்றின் மேல் நின்று முன்பின் தெரியாதவர்களின் நாட்களைக் கண்டுபிடிக்கிற பெண் சொந்த அப்பாவின் சட்டையைக் கண்டுபிடிக்காமல் இருந்திருப்பாளா என்று இந்த வாரம்தான் யோசித்தேன். கண்டுபிடித்து, எங்களை மாதிரியே பேசாமல் இருந்தாயா? அதனால்தான் உனக்கும் எங்களிடம் சொல்ல முடியாமல் போயிற்றா? இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. உனக்கு நடந்தது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. நடக்காத ஒன்றுக்கு நானே பொறுப்பு எடுத்துக்கொள்வதும் ஒரு வகை நடிப்புதான்.

அப்பா இப்போது உண்மையாகவே நன்றாக இருக்கிறார். காலையில் முக்கால் மணி நேரம் ரயில்வே லைன் ஓரமாக நடக்கிறார். மாத்திரை நான்கு. உப்பைக் குறைத்துவிட்டதால் என் சமையலைக் கிண்டல் செய்வதையும் நடைப்பயிற்சி மாதிரி தினமும் செய்கிறார். நைட் ஷிப்ட் கிடையாது என்று எழுதி வாங்கிவிட்டார். ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துக்கொள். நாங்கள் சொன்னால் நீ நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

சுஜியிடம் பதில் கொடுத்தனுப்ப வேண்டாம். அவசரப்படவும் வேண்டாம். படிப்பு நின்றுபோயிருந்தால் நின்றுபோயிற்று. அதற்கு யார் காரணம், அடுத்து என்ன என்றெல்லாம் இப்போது கேட்கமாட்டோம். அப்பா கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். நான் கேட்க ஆரம்பித்தால் அக்டோபரை ஞாபகப்படுத்து, வாயை மூடிக்கொள்கிறேன்.

திரும்பி வருவதாக இருந்தால் தேதி மட்டும் சொல். அங்கேயே இருப்பதாக இருந்தால் இருக்கிற இடத்தைச் சொல். கதவு எண்ணோடு சொல். இரண்டில் எதைச் சொன்னாலும் அன்றைக்கு இங்கே இரண்டு பேர் நன்றாகத் தூங்குவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு ஒரு குறையும் வராது.

அன்புடன்,
அம்மா